எந்தத் தோட்டாவுக்கு பவர் ஜாஸ்தி? கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சென்னையில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு சிறு வட்டம்தான். நகை வியாபாரிகள், பெரிய தொகையோடு போய்வரும் தொழில்காரர்கள், ஓய்வுபெற்ற ராணுவ, காவல் அதிகாரிகள், அப்பாவின் ரிவால்வர் கைமாறி வந்தவர்கள். இவர்களில் யாரோடு பேசினாலும் பேச்சு சீக்கிரமே ஒரே இடத்துக்கு வந்துவிடும்: "எந்தத் தோட்டா சார் பவர் ஜாஸ்தி? ஒண்ணு போட்டா ஆள் விழணும்."

இந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. சினிமாவும், தர்பூசணியைச் சுட்டு வெடிக்க வைக்கிற வெளிநாட்டு வீடியோக்களும் சேர்ந்து கட்டிவிட்ட கேள்வி அது. கேட்க வேண்டியவை வேறு. குண்டு போதுமான ஆழத்துக்குப் போகிறதா? என் துப்பாக்கியில் தவறாமல் வெடிக்கிறதா? நான் குறிவைத்த இடத்தில் படுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் "பவர்" பற்றிக் கவலைப்பட அதிகம் மிச்சமிருக்காது.

சட்டப்படி லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும், லைசென்ஸ் இல்லாமல் விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு பொட்டலம். பித்தளை உறை, அதற்குள் வெடிமருந்து, அடிப்பாகத்தில் பிரைமர் என்ற சின்ன மூடி, முன்பக்கம் குண்டு. விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்துகிறது. பிரைமர் பொறி விடுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது, அந்த அழுத்தம் குண்டை மட்டும் குழல் வழியே வெளியே தள்ளுகிறது. உறை பின்னால் தங்கிவிடும்.

பெட்டியின்மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குண்டின் குறுக்களவு, உதாரணமாக .32. இது அங்குலக் கணக்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். மற்றொன்று குண்டின் எடை, கிரெயின் என்ற பழைய அலகில். ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெயின்.

நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் பாராபெல்லம், .45 போன்ற ராணுவ, காவல் பயன்பாட்டு அளவுகள் சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. அதனால் இங்கே கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 தான். அதிலும் இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் ரிவால்வரில் போடுவது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டலில் போடுவது .32 ஏசிபி. பெயரில் .32 என்று இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தவறான பெட்டியோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. லைசென்ஸில் எழுதியிருப்பதையும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதையும் பெட்டியோடு ஒத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கிரிக்கெட் பந்தும் குண்டும்

சினிமாவில் குண்டு பட்டவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறப்பார். நிஜத்தில் அப்படி நடக்க வழியே இல்லை. சேப்பாக்கத்தில் வேகப்பந்து வீச்சாளர் போடும் பந்தை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 160 கிராம், வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 39 மீட்டர். ஒரு பொருளின் தள்ளும் திறனை அறிய எடையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்க வேண்டும். இதற்கு உந்தம் என்று பெயர். பந்துக்கு அது சுமார் 6.2 வருகிறது.

இப்போது .32 ரிவால்வர் குண்டு. வழக்கமான குண்டு 98 கிரெயின், அதாவது 6.3 கிராம் சொச்சம். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 220 மீட்டர். பெருக்கினால் 1.4 தான். காவல்துறையினரின் 9 மில்லிமீட்டர் குண்டுக்கே 2.8 அளவில்தான் வரும். பந்தின் உந்தத்தில் பாதி கூட இல்லை. நெஞ்சில் பந்து வாங்கிய பேட்ஸ்மேன் வலியில் குனிவார், ஸ்டம்புக்குப் பின்னால் பறக்க மாட்டார். 70 கிலோ மனிதர் ஒருவரை 1.4 உந்தம் தள்ளினால் அவர் நகரும் வேகம் விநாடிக்கு 2 சென்டிமீட்டர்.

நியூட்டனின் மூன்றாம் விதியையும் சேர்த்துப் பாருங்கள். குண்டு முன்னால் போகிற அளவுக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். குண்டு பட்டவரைத் தூக்கி எறிகிற தோட்டா இருந்தால் அது சுட்டவரையும் தூக்கி எறிந்திருக்கும்.

அப்படியானால் பந்தால் ஆகாத எதைக் குண்டு செய்கிறது? அதன் முனை சிறியது. பந்தின் அடி அகலமாகப் பரவிவிடுகிறது. குண்டு தன் முழு ஆற்றலையும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுள்ள இடத்தில் செலுத்துவதால் தோலையும் தசையையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. துளைப்பது ஒன்றுதான் கைத்துப்பாக்கிக் குண்டின் வேலை. ஆளைத் தள்ளிவிடுவது அதன் வேலையே இல்லை.

ராமாவரம், 1967

சென்னைக்காரர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா ரிவால்வரால் சுட்டார். ஒரே அறைக்குள், மிகக் கிட்டத்தில். குண்டு காதோரமாகக் கழுத்துப் பகுதியில் பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்தோடுதான் மருத்துவமனைக்குப் போனார். இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். கட்டுப்போட்ட கழுத்தோடு இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார், பத்தாண்டுகள் கழித்து முதலமைச்சரும் ஆனார். அவர் குரல் மாறிப்போனது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம்.

அந்தக் கால அரசியலை இங்கே கிளறப் போவதில்லை. நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். கை எட்டும் தூரத்தில், தலைக்கும் கழுத்துக்கும் பக்கத்தில் குண்டு பட்டும்கூட முடிவு இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. "ஒண்ணு போட்டா விழணும்" என்று உத்தரவாதம் கேட்பவருக்கு எந்தத் தோட்டாத் தொழிற்சாலையும் அதைத் தர முடியாது.

உடல் எப்போது நிற்கிறது

தாக்க வருகிறவர் நிற்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது மனம். துப்பாக்கியைக் கண்டதும், சத்தத்தைக் கேட்டதும், சிறு காயம் பட்டதும் பலர் ஓடிவிடுகிறார்கள். இது தோட்டாவின் பெருமையில் சேராது, எந்தத் தோட்டாவாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது நரம்பு. மூளையோ மேல் முதுகுத் தண்டோ பாதிக்கப்பட்டால் உடல் உடனே செயலிழக்கும். ஓடி ஆடும் ஒருவரின் மேல் அவ்வளவு சிறிய இடத்தைப் பதற்றத்தில் குறிபார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மூன்றாவது இரத்த இழப்பு. இதற்கு நேரம் பிடிக்கும். இதயமே செயலிழந்தாலும் மூளையில் ஏற்கெனவே இருக்கிற ஆக்சிஜன் 10 முதல் 15 விநாடிகள் வரை ஒருவரைச் செயல்பட வைக்கும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1989இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பத்து விநாடியில் ஒருவர் ஒரு சின்னத் தெருவின் முனையிலிருந்து உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம்.

"அதிர்ச்சி அலை" என்றும் சிலர் சொல்வார்கள். குண்டு போகும்போது சுற்றியுள்ள தசை ஒரு கணம் விரிந்து மீண்டும் சுருங்கும். இதற்குத் தற்காலிகக் குழி என்று பெயர். குண்டு நேரடியாக நசுக்கிய பாதை நிரந்தரக் குழி. ராணுவ ரைஃபிளின் வேகத்தில் தற்காலிகக் குழியே தசையைக் கிழித்துவிடும். கைத்துப்பாக்கியின் வேகத்தில் கல்லீரல் போன்ற நெகிழ்ச்சியில்லாத உறுப்புகளைத் தவிர மற்றவை ரப்பர்போல் திரும்பிவிடும். ஆக, கைத்துப்பாக்கியில் கணக்கில் வருவது நிரந்தரக் குழி மட்டும். அது எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன இடைச்செருகல். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் கொடுக்காது. எதிரி நின்றுவிட்டால் உரிமையும் அங்கே நின்றுவிடும். "சாகடிக்கிற தோட்டா எது" என்று வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டு வைப்பவர்கள், அது பின்னாளில் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டால் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

இதுவரை வந்ததை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். குண்டு ஆளைத் தள்ளாது, துளைக்கும். துளை சரியான இடத்தில், போதுமான ஆழத்துக்குப் போனால்தான் பயன். பட்டவுடன் நிற்பார் என்ற உறுதி கிடையாது.

மயாமியில் நின்றுபோன குண்டு

"போதுமான ஆழம்" என்பதற்கு அளவு வந்த கதை இது. 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமி நகரில் எட்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை மடக்கினார்கள். சண்டையின் ஆரம்பத்திலேயே கொள்ளையர்களில் ஒருவனான மைக்கேல் பிளாட்டின் மேல் ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு பட்டது. வலது கையைத் துளைத்து மார்புக்குள் போன அந்தக் குண்டு இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு பிளாட் சண்டையைத் தொடர்ந்தான். கடைசியில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள், கொள்ளையர் இருவரும் இறந்தார்கள்.

அந்தக் குண்டு அதற்கென்று வடிவமைத்தபடியே வேலை செய்தது. விரிந்தது, சீக்கிரம் நின்றது. மனிதன் நேராக நிற்காமல், குறுக்கே கை இருக்கும்போது அந்த ஆழம் போதவில்லை. இதன் பிறகுதான் எஃப்பிஐ மருத்துவர்களையும் குண்டுக் காய ஆய்வாளர்களையும் கூட்டி வைத்துப் பேசி, ஒரு சோதனை முறையை வகுத்தது.

இந்தச் சோதனைக்கு அடிப்படை போட்டவர் மார்ட்டின் ஃபாக்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவை சிகிச்சை மருத்துவர். 10 சதவீத ஜெலட்டின் கரைசலைக் கட்டியாக உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டால் குண்டு அதில் போகும் ஆழம் உயிருள்ள தசையில் போகும் ஆழத்தோடு ஒத்துப்போகிறது என்று அவர் காட்டினார். கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சின்ன எஃகு உருண்டையை ஏர்கன்னில் விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது சுமார் எட்டரை சென்டிமீட்டர் ஆழம் போனால் கட்டி தேறியது.

எஃப்பிஐ வைத்த எல்லை 12 முதல் 18 அங்குலம். 12க்குக் குறைந்தால் கை குறுக்கே வந்தாலோ ஆள் பக்கவாட்டில் நின்றாலோ பயனில்லை. 18ஐத் தாண்டினால் மறுபக்கம் வெளியேறிப் பின்னால் இருப்பவர் மேல் படலாம். வெறும் கட்டியில் மட்டும் சுட்டுவிட்டு விடுவதில்லை. கனமான துணி, ஜிப்சம் பலகை, பிளைவுட், இரும்புத் தகடு, கார் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முன்னால் வைத்தும் சுடுவார்கள்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெலட்டினில் எலும்பு இல்லை, நுரையீரலின் காற்றறை இல்லை. ஒரு தோட்டாவையும் இன்னொன்றையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட மட்டும் அது உதவும். தர்பூசணி, தண்ணீர் கேன், நனைத்த செய்தித்தாள் எல்லாம் அந்த அளவுக்குக்கூட உதவாது. தர்பூசணி வெடிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

விரியும் குண்டா, விரியாத குண்டா

குண்டு இரண்டு பெரிய ரகம். முனை வட்டமாக, ஈயமாகவோ செம்புக் கலவை உறை போர்த்தியோ இருப்பது ஒன்று. உறை போர்த்தியதை ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்பார்கள். இது உள்ளே போகும்போது வடிவம் மாறாது. இன்னொன்று ஹாலோ பாயின்ட். முனையில் ஒரு குழி இருக்கும். ஈரமான தசைக்குள் புகுந்ததும் குழி நிரம்பி, அந்த அழுத்தத்தில் முனை இதழ்போல் விரியும். துளை அகலமாகும், ஆனால் குண்டு சீக்கிரம் நிற்கும்.

விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் செய்த ரைஃபிள் குண்டுகள்தான் இந்த ரகத்துக்கு உலகளவில் டம்டம் என்ற கெட்ட பெயரை வாங்கித் தந்தன. 1899 ஹேக் மாநாட்டுப் பிரகடனம் போரில் இவற்றைப் பயன்படுத்துவதற்குத் தடை போட்டது. அந்தத் தடை நாடுகளுக்கிடையேயான போருக்கு. பல நாடுகளின் போலீஸார் ஹாலோ பாயின்ட்டையே வைத்திருக்கிறார்கள், மறுபக்கம் பாய்ந்து வழியில் போகிறவர் மேல் படும் வாய்ப்பு குறைவு என்பதால்.

அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு "ஹாலோ பாயின்ட் எங்க கிடைக்கும்" என்று கேட்பவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விரிவதற்கு ஆற்றல் செலவாகும். 9 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றல் சுமார் 490 ஜூல். விரிந்த பிறகும் 12 அங்குலம் போக அதில் மிச்சம் இருக்கும். நம் .32 குண்டு ரிவால்வரானாலும் பிஸ்டலானாலும் 150 முதல் 180 ஜூலுக்குள்தான். அதில் ஒரு பகுதியை விரிவதில் செலவழித்துவிட்டால் ஆழத்துக்கு மிச்சமில்லை. .32 ஏசிபி ஹாலோ பாயின்ட்டுகள் ஜெலட்டின் சோதனைகளில் பெரும்பாலும் 12 அங்குலத்தை எட்டாமல் நிற்கக் காரணம் இதுதான். சில விரியவே விரியாது. அப்போது அது விலை கூடிய சாதாரணக் குண்டு.

ஆகவே .32 வைத்திருப்பவருக்கு என் கருத்து இது: கடையில் வழக்கமாகக் கிடைக்கிற வட்டமுனைக் குண்டே சரி. அது குறைபாடு என்று வருந்த ஒன்றும் இல்லை. சிறிய அளவில் அகலமும் ஆழமும் சேர்ந்து கிடைக்காது. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ஆழத்தை எடுப்பது புத்திசாலித்தனம்.

சுவருக்கு அப்பால் யார்

சென்னையில் இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். அடுக்குமாடியில் எதிர் ஃபிளாட் கதவு ஐந்தடி தூரத்தில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்திவிடும், ஆனால் குண்டு தெறித்துத் திரும்பலாம். மரக்கதவு, பிளைவுட் தடுப்பு, ஜிப்சம் பலகை, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றை .32 கூடத் துளைத்துப் போய்விடும். ஹாலோ பாயின்ட் போட்டால் இந்த ஆபத்து இல்லை என்பதும் தப்பு. பலகையைத் துளைக்கும்போது முனைக் குழியில் தூள் அடைத்துக்கொண்டு அது விரியாமல் சாதாரணக் குண்டாகவே பறக்கும்.

உடலைத் துளைத்து வெளியேறும் குண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். குறி தவறிய குண்டு முழு வேகத்தோடு போகிறது என்பதைப் பேசுவதில்லை. அதற்குத் தோட்டாவில் தீர்வு கிடையாது. பயிற்சிதான் இருக்கிறது.

மறுபடியும் சுருக்கமாக: 12 முதல் 18 அங்குலம் என்பது ஒப்பீட்டுக்கான அளவு. .32இல் விரியும் குண்டு ஆழத்தை இழக்கும். எதைச் சுட்டாலும் பின்னால் என்ன இருக்கிறது என்பது சுடுபவரின் பொறுப்பு.

உங்கள் துப்பாக்கியில், உங்கள் கையால்

ஜெலட்டின் சோதனையை நாம் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஈசிஆர் பக்கம் ஒரு தோப்பில் போய் "ரெண்டு போட்டுப் பாக்கலாம்" என்ற யோசனையும் வேண்டாம். வழக்கு வந்தால் லைசென்ஸே போய்விடும். கல்யாணம், திருவிழாவில் வானத்தைப் பார்த்து மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கீகாரம் பெற்ற சுடுதளம்தான் இடம். நகரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. எந்தத் தளமானாலும் உறுப்பினர் விதி என்ன, உங்கள் வகைத் துப்பாக்கியை அங்கே சுட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அமெரிக்காவில் ஒரு தோட்டாவை நம்புவதற்கு முன் 200 சுட்டுப் பார் என்பார்கள். இங்கே லைசென்ஸிலேயே ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். விலையும் கையைக் கடிக்கும். அதனால் குறைந்த தோட்டாவில் அதிகம் தெரிந்துகொள்கிற மாதிரி சோதிக்க வேண்டும்.

முதலில் சுடாமலே பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். உறையில் விரிசல், நசுங்கல், பச்சை பூத்த இடம் இருக்கிறதா? பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்கிறதா, துருத்திக்கொண்டிருக்கிறதா? துருத்திய பிரைமர் ரிவால்வரின் உருளையைச் சுற்ற விடாமல் தடுக்கும். குண்டு உறையில் ஆடுகிறதா? ஒரே பெட்டியில் சில தோட்டா குட்டையாகவும் சில நீளமாகவும் இருக்கிறதா? இதில் எது இருந்தாலும் அந்தத் தோட்டா வேண்டாம்.

அப்புறம் தளத்தில். ரிவால்வரானால் எல்லா அறைகளிலும் வெடிக்கிறதா என்று பாருங்கள். வெடிக்காத பிரைமரில் ஊசி பதிந்த தடம் மெலிதாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் துப்பாக்கியில், நன்றாகக் குழிந்திருந்தால் தோட்டாவில். காலி உறைகள் ஒரே தள்ளலில் வெளியே வருகின்றனவா என்பதும் முக்கியம். பிஸ்டலானால் தோட்டா அடுக்கும் கூடான மேகஸினிலிருந்து தோட்டா ஏறுவது, உறை வெளியே எறியப்படுவது, கடைசித் தோட்டாவரை தடங்கல் வராமல் இருப்பது. உங்களிடம் உள்ள ஒவ்வொரு மேகஸினையும் தனித்தனியாகச் சோதியுங்கள், தடங்கலில் பெரும்பங்கு மேகஸினால்தான் வருகிறது.

.32 ஏசிபிக்கே உரிய ஒரு தடங்கல் உண்டு. அதன் உறையின் அடி விளிம்பு லேசாக வெளியே நீட்டியிருக்கும். மேகஸினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது. கையால் தட்டிச் சரிசெய்ய முடியாத அடைப்பு அது. நீளம் குறைந்த தோட்டா போட்டால் மேகஸினுக்குள் முன்பின் நகர இடம் கிடைத்து இது அதிகமாகும். ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் பொதுவாக நீளம் குறைந்தவை. வட்டமுனைக் குண்டுக்கு இன்னொரு ஓட்டு.

குறி எங்கே விழுகிறது என்பது அடுத்தது. குறிமுனை அசைக்க முடியாதபடி பொருத்தப்பட்ட ரிவால்வர்களில் குண்டின் எடையை மாற்றினால் படும் இடமும் மாறும். கனமான, மெதுவான குண்டு மேலே படும், லேசான, வேகமான குண்டு கீழே படும். கனமான குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, அதற்குள் உதைப்பு குழலை மேலே தூக்கிவிடுகிறது. ஆகவே பயிற்சிக்கு ஒரு ரகம், வீட்டில் வைத்திருக்க வேறொரு ரகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் தாக்குதல் நடக்கும் தூரம் ஏழு மீட்டருக்குள் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் எல்லாம் விழுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீளமான சோதனைக் குழலில் எடுத்தது, குட்டைக் குழலில் அதைவிடக் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு ஆபத்தான தருணங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். இரண்டாவது இதைவிட மோசம். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம், உதைப்பே இல்லாத மாதிரி ஒரு "புஸ்". மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உங்கள் கையில் வெடிக்கலாம். நிறுத்திவிட்டுத் தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கடற்காற்றும் பழைய தோட்டாவும்

இவ்வளவு சோதித்துவிட்டு அதே பெட்டியைப் பத்து வருடம் பீரோவில் போட்டுவைத்தால் சோதனை வீண். தோட்டா சுலபத்தில் கெட்டுப்போகாது, வறண்ட குளிர்ந்த இடத்தில் பல ஆண்டு தாங்கும். ஆனால் நம் ஊர் ஈரமும் உப்புக் காற்றும் பித்தளைக்கு ஆகாது. தோல் உறையிலோ தோல் பெல்ட்டின் வளையங்களிலோ தோட்டாவைச் செருகியே வைத்திருப்பவர்கள் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும், தோலைப் பதப்படுத்தப் பயன்படும் பொருள்களின் வேலை அது. காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள், பூட்டுப் போட்டு, துப்பாக்கியிலிருந்து தனியாக. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயைத் தோட்டாவின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது இண்டு இடுக்கில் ஊர்ந்து பிரைமரைச் சாகடித்துவிடும். எண்ணெய் வழியும் துப்பாக்கியில் தோட்டா போட்டு வைப்பதும் அதே கதைதான்.

பிஸ்டல்காரர்களுக்கு ஒன்று கூடுதலாக. தினமும் இரவில் தோட்டா ஏற்றி, காலையில் இறக்கி, மறுபடி அதே தோட்டாவையே ஏற்றினால் ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு இடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறையக் குறைய வெடிக்கும்போது அழுத்தம் கூடும். பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாவை நிறுத்தி உயரம் ஒத்துப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அது சுடுவதற்கில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். சென்னையில் லைசென்ஸ் கொடுப்பதும் மாநகரக் காவல் ஆணையர்தான். ஒப்படைக்கும்போது தோட்டா எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வந்ததும் எண்ணிப் பார்த்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, துடைத்து, தோட்டாக்களை மறுபடி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். சந்தேகம் உள்ளவற்றைக் குப்பையில் போடவோ கடலில் எறியவோ வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தோட்டாக் கணக்குக் கேட்பார்கள்.